கூட வந்தவர் பெயர்

தோழிகளே, படித்ததும் இதை உங்களில் அடுத்தவளுக்குத் தபாலில் சேர்த்துவிடுங்கள்.

உத்தமபாளையத்தில் நான் நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரியில் இன்று ஊழியர்களுக்கே உடல் பரிசோதனை. தனிப் படிவம் வரவில்லை என்று நோயாளிகளைச் சேர்க்கும் படிவத்தையே கொடுத்துவிட்டார்கள். அதில் ‘கூட வந்தவர் பெயர்’ என்றும் ஒரு கட்டம். எடையும் பிரஷரும் பார்த்து எழுதும் வேலை எனக்கு.

பழக்க தோஷம், வாட்ச்மேனிடமும் கேட்டுவிட்டேன்: “கூட வந்தது யாரு?”

“எம் பொண்டாட்டிதான் சிஸ்டர். வாசல்ல தூக்குவாளியோட நிக்கிறா.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் விளையாட்டாக ஒரு பெயர் சொன்னார்கள். நானும் எழுதினேன்.

கூட்டம் கலைந்ததும், தரை கூட்ட வந்த ஆயா பேச்சியம்மா கேட்டாள்: “ஒங்களுக்கு யாரு பாத்தாக சிஸ்டர்?”

யாரும் பார்க்கவில்லை. இடது கையில் பட்டையை நானே சுற்றி, நானே காற்றடித்துப் பார்த்துக்கொண்டேன். பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது.

என் படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் காலி. மாற்றலாகி வந்து இரண்டு வருடம், எழுத ஒரு பெயர் வரவில்லை.

படிவத்தை மாதக் கடைசியில் கொடுத்தால் போதும். அதற்குள் எவளுடைய பதில் முதலில் வருகிறதோ, அவள்தான் என் கூட வந்தவள்.