நாற்பத்தொன்றாம் உறை

என் மேசை இழுப்பறையின் அடியில் ஒரு வெள்ளைக் காகித உறை கிடக்கிறது. மேலே நீல மையில் நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கும், கையெழுத்து என்னுடையது. உள்ளே கொஞ்சம் முடி. இந்தப் பதினாறு வருடத்தில் மூன்று வீடு மாறிவிட்டேன், கல்லூரிப் புத்தகங்களைக்கூடப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன், இதை மட்டும் எறியவில்லை. போன மாதம்வரை திறந்து பார்த்ததும் இல்லை.

பட்டப்படிப்பு முடித்த கையோடு ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்திருந்தேன். தொழிற்சாலைகளை ஒட்டி வளரும் பிள்ளைகளின் உடம்பில் துத்தநாகம், செம்பு, ஈயம் எல்லாம் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பது வேலை. துத்தநாகம் இம்மியளவாவது இருந்தால்தான் பிள்ளை வளரும். ஈயம் இம்மியளவும் இருக்கக்கூடாது, வளர்ச்சியையும் படிப்பையும் கெடுத்துவிடும். ஊசியைக் கண்டால் தாய்மார்கள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் குழுவை நடத்திய எங்கள் டாக்டர் முடியே போதும் என்றார். பிடரியில், தோலை ஒட்டி, பென்சில் பருமனுக்கு ஒரு கொத்து. வீடுகளில் அறிவுரை எதுவும் சொல்லக்கூடாது என்பதும் அவர் உத்தரவு. இங்கே மலேசியாவில், கிள்ளானுக்கு வெளியே இருந்த ஓர் அடுக்குமாடி ஃப்ளாட்டில் தமிழ் வீடுகளை எல்லாம் என் தலையில் கட்டினார்கள்.

மூன்றாவது மாடியில் இருந்தார் அந்த அக்கா. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மைலோ கலக்கி வைத்துவிடுகிற ரகம். மகளுக்கு ஆறு வயது முடிந்து, அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடச் சீருடையான நீலப் பினஃபோர் அவளுக்குக் கணுக்கால்வரை தொங்கியது. கிளினிக் புத்தகத்தில் அவளுடைய உயரக் கோடு மூன்று வயதுவரை மற்ற பிள்ளைகளோடு ஏறி, பிறகு படுத்துவிட்டிருந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்ததும் அக்கா பாய்ந்து வந்து பிள்ளையின் பிடரியைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஐயோ, கத்திரி வைக்காதீங்க மிஸ். முருகனுக்கு நேர்ந்துக்கிட்ட முடி லா. தைப்பூசத்துக்கு மொட்டை போடுறோம். புள்ள வளரணும்னுதானே நேர்த்தியே."

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், எனக்கு விளக்கத் தேவையில்லை. உறையில் அவளுடைய ஆய்வு எண்ணை எழுதிக் கொடுத்து, மொட்டை போடும்போது விழும் முடியில் கொஞ்சம் இதில் போட்டுக் கொடுங்கள், நானே பத்துமலைக் கோவிலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சாமியையும் கோபித்துக்கொள்ள வைக்காமல், ஆய்வையும் விடாமல் சமாளித்துவிட்டதாக ஒரே பெருமை.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா வேலை முடிந்து வந்தார். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை அவருக்கு. சட்டையெல்லாம் சாம்பல் நிறத் தூசு. பிள்ளை ஓடிப் போய் அவர் மேல் ஏறி, கழுத்துப்பட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. குளியலறை வாசலில் ஒரே வாளியில் அவருடைய நேற்றைய சட்டையும் அவளுடைய பினஃபோரும் ஊறிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன். படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை. "சட்டைய மாத்திட்டுப் புள்ளையத் தூக்குங்கண்ணே" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். டாக்டரின் உத்தரவை நினைத்துக்கொண்டு மைலோவைக் குடித்து முடித்தேன். உத்தரவு ஒரு சாக்கு. எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது, அதுதான் உண்மை.

தைப்பூசத்தன்று பத்துமலையில் அந்தக் கூட்டத்திலும் அக்கா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளையின் தலையில் ஈரச் சந்தனம். பக்கத்தில் அப்பாவும் மொட்டை. அக்கா உறையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பாப்பாவோட முடிதானேக்கா?"

"ரெண்டு பேரோடதும்தான் மிஸ். பயந்து அழுதா, அதான் அவர் மடியிலயே ஒக்கார வச்சு எடுத்தோம். அவருக்கும் அங்கேயே எடுத்தாச்சு, எல்லாம் ஒரே பேப்பர்லதான் விழுந்துச்சு."

நாளெல்லாம் ஈயத்தில் நிற்கிற மனிதரின் முடியும் பிள்ளையின் முடியும் ஒன்றாகிவிட்டன. இனி இதை வைத்து என்ன செய்வது? ஆனால் அக்காவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சாமிக்கும் கொடுத்தாயிற்று, மிஸ்ஸுக்கும் கொடுத்தாயிற்று. "சரிக்கா, ரொம்ப நன்றி" என்று வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் உறையைப் பிரிக்காமலே நாற்பத்தொன்றுக்கு நேராக 'மாதிரி இல்லை' என்று எழுதினேன். புது முடி வளர மூன்று மாதமாவது ஆகும். ஆய்வு அதற்குள் முடிந்தது. கிளினிக்கில் இரத்தம் பார்க்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். நினைத்தேன், நினைத்ததோடு சரி. பங்சாரில் வேறு வேலை கிடைத்தது, போய்விட்டேன்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடை வாசலில் நின்றபோது "மிஸ்!" என்று குரல். அக்கா. தலை நரைத்துவிட்டது, சிரிப்பு அப்படியே இருந்தது. பின்னால் ஒரு பெண் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஏறி நின்று மாலைகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். முகம் வளர்ந்த பெண்ணின் முகம். உயரம் நான்காம் வகுப்புப் பிள்ளையின் உயரம். பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது.

"படிப்பு ஏறல மிஸ். இங்கயே கூட வச்சுக்கிட்டேன். முடி மட்டும்தான் இவளுக்கு நல்லா வளருது லா" என்று அவளைச் சீண்டினார். அவளும் சிரித்தாள். பிறகு அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "அன்னிக்கு முடி வாங்கிட்டுப் போனீங்களே. நீங்க அப்புறம் வந்து ஒண்ணும் சொல்லல. டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல போலன்னு நாங்களும் எந்த டாக்டர்கிட்டயும் போகல."

அந்த முடியை யாரும் சோதிக்கவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிக்கா" என்றேன். பத்துமலையில் சொன்ன அதே வார்த்தை. அந்தப் பெண் குனிந்து, நான் வாங்கிய மல்லிகையோடு இன்னொரு முழம் சேர்த்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்து, வெள்ளைத் தாளில் கொட்டினேன். அப்பாவுடையது விரல்நுனி அளவு குட்டை முடி. அவளுடையது மெலிதாக, சாண் நீளத்துக்கு இருந்தது. நீளமானவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.