எதுக்கும் ஒரு தடவை

சிகந்தராபாத் லாலாகுடாவிலிருந்து மாதாப்பூருக்கு ஆபீஸ் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பாதி வழியில் எனக்குச் சிறுநீர் முட்டும். இரண்டு முறை டிரைவரைக் கெஞ்சி வண்டியை நிறுத்தி, பெட்ரோல் பங்குக்கு ஓடினேன். மூன்றாம் முறை ஓட நேரமில்லை. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். அன்றே மூன்று மாத நோட்டீஸ் கொடுத்தேன். மேனேஜரிடம் வீட்டுப் பிரச்சினை என்றேன். பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்த வேலை.

சிறுநீரில் கிருமி ஒன்றுமில்லை என்று டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். மூட்டுவலிக்காரர்கள் போகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று எரிச்சலோடுதான் போனேன். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"கிளம்புறதுக்கு முன்னாடி போவீங்களா?"

"வந்தாலும் வராட்டியும் போவேன். மீட்டிங்குக்கு முன்னாடியும். எதுக்கும் ஒரு தடவை."

"தண்ணி?"

"பஸ் ஏறுற நாள்ல தொடவே மாட்டேன்."

"நக்கோம்மா, அப்படிச் செய்ய வேண்டாம். கொஞ்சம் சேர்ந்தாலே கூப்பிடச் சொல்லி மூத்திரப்பையை நீங்களே பழக்கி வச்சிருக்கீங்க."

தூக்கிவாரிப் போட்டது. ஊருக்குக் கிளம்புகிற யாரையும் பாத்ரூமுக்குத் துரத்தாமல் விட்டதில்லை எங்கள் வீடு. நல்ல பழக்கம் என்று பெருமைப்பட்டதே என்னைக் கவிழ்த்திருக்கிறது.

அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: அவசரம் வந்தால் ஓடக்கூடாது. அசையாமல் உட்கார்ந்து, சிறுநீரை நிறுத்துவதுபோல் அடித்தசையை ஐந்தாறு முறை சட்சட்டென்று சுருக்கி விட வேண்டும். தணிந்த பிறகுதான் எழலாம். முதலில் ஐந்து நிமிஷம் தள்ளிப்போட வேண்டும், அப்புறம் பத்து. காபி குறைந்தது, தண்ணீர் திரும்பி வந்தது. முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. "சும்மா ஏமாத்துறீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் வயிற்றில் கைவைத்துப் பார்த்து, "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வயித்தை இறுக்குறீங்க. கீழ மட்டும் சுருக்குங்க" என்றார். எத்தனை முறை சொன்னாரோ, கணக்கில்லை.

மூன்றாம் மாதம் ஒருநாள் மழையில் பஸ் பேகம்பேட்டில் நின்றுவிட்டது. முட்டியது. உட்கார்ந்தேன், சுருக்கினேன். தணிந்தது. மறுபடி வந்தது, மறுபடி தணிந்தது. ஆபீஸில் இறங்கி, நடந்துதான் பாத்ரூமுக்குப் போனேன். பிறகு மேனேஜரிடம் போய், வேறு ஆள் தேட வேண்டாம், நான் இருக்கிறேன் என்றேன்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் ஓடாமல் சமாளித்தேன் என்று சொல்வதற்குள் அழுகை வந்தது.

"எவ்வளவு நேரம்?" என்றார்.

"ரெண்டரை மணி நேரம்."

மறுமுனையில் அவரும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.