எதிர்க்கடைப் பெரியம்மா

எங்கள் கடை வாசலில் நின்று அம்மா ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். கண் மட்டும் எதிர்ச்சரிவில், தேயிலை ஆலைக்குப் போகும் பாதையோரம் இருந்த பெரியம்மாவின் கடைமேல் இருக்கும். கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் வெறுங்கூடைகளோடு இறங்கி வரும் நேரம் அது. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டே எங்கள் வாசலைத் தாண்டி அங்கே போவார்கள்.

கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துக்கு முதலில் ஒரே கடைதான். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். எழுபதுகளில் பாகம் பிரிந்தபோது அது அப்பாவுக்கு வந்தது. பெரியப்பா எதிரே தகரக் கூரை போட்டு இன்னொன்றைத் திறந்தார். மலையடிவாரத் தாப்பாவிலிருந்து வரும் ஒரே லோரிதான் இரண்டு கடைக்கும் அரிசியும் கருவாடும் இறக்கிவிட்டுப் போகும். ஆனாலும் கூட்டம் அங்கேதான்.

பெரியம்மா அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். கல்யாணத்துக்கு முன் அந்தப் பெண்களோடு கொழுந்து பறித்தவர். அம்மா ஈப்போவில் வளர்ந்து, மணமாகி மலையேறி வந்தவர். பெரியம்மாவை எல்லாரும் ‘அக்கா’ என்றார்கள். என் அம்மாவையோ ‘கடைக்காரம்மா’ என்றார்கள். அந்த ஒரு சொல் அம்மாவை அரித்தது. பெரியம்மா கரியடுப்பு மூட்டிப் பெண்களைக் குளிர்காய வைக்கிறார் என்று கேள்விப்பட்டு அம்மாவும் ஓர் அடுப்பு வைத்தார். யாரும் வந்து உட்காரவில்லை. சாக்கு மூட்டைகளில் புகைநாற்றம் ஏறியதுதான் மிச்சம். “நம்மள்ட்ட என்னங்க இல்ல?” என்று அப்பாவிடம் கேட்பார். அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்கமாட்டார்.

தோட்டப் பள்ளியை முடித்து நான் ரிங்லெட் இடைநிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம். ஒரு மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாவாடையில் கறையைப் பார்த்தேன். பயத்தில் நேரே பெரியம்மாவின் கடைக்குள் ஓடினேன். அவர் ஒன்றும் கேட்காமல் என்னைக் கம்பளியில் சுற்றி உட்காரவைத்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கக் கொடுத்தார். அம்மாவுக்குச் சொல்ல ஆள் அனுப்பினார். அதற்குள் அங்கே சாமான் வாங்கிய ஒருத்தி எங்கள் கடைக்குப் போய், “கடைக்காரம்மா, மக பெரியவளாயிட்டாளாமே! சொல்லவே இல்ல லா!” என்று சிரித்திருக்கிறாள்.

பாகம் பிரிந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே போகாத அம்மா, கொட்டும் மழையில் வந்து வாசலில் நின்றார்.

“எம் பொண்ண அனுப்புங்க.”

“உள்ள வாடி. பெத்தவ நீ வரட்டும்னுதான் உட்கார வச்சிருக்கேன்” என்றார் பெரியம்மா.

அம்மா உள்ளே வரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடேறினார். வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏன் அங்க போன?”

“பஸ்ஸு அங்கதானேம்மா நிக்குது.”

அது பொய்யில்லை. ஆனால் பஸ் எங்கள் வாசலிலேயே நின்றிருந்தாலும் நான் அங்கேதான் ஓடியிருப்பேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்று ஊருக்குப் பாயசம் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரியப்பா குடும்பம் தாப்பாவுக்கு இறங்கிப் போனது. மொத்தக் கூட்டமும் எங்களிடம் வந்தது. வந்தவர்கள் உப்பையும் சீனியையும் வாங்கிக்கொண்டு, “அக்கா எப்படி இருக்காங்க, சேதி உண்டா?” என்று கேட்டார்கள். கடை நிறைந்திருந்த அந்த நாட்களில்தான் அம்மா அதிகம் வாடினார்.

சில வருடங்களில் பெரியம்மா இறந்தார். தாப்பாவில் அவர்கள் வீடிருந்த சின்னத் தெருவில் நடக்க இடமில்லை. கொழுந்துக்குப் போகாமல் லோரி பிடித்து எங்கள் தோட்டமே இறங்கி வந்திருந்தது. அம்மா வாசலில் நின்று அத்தனை பேரையும் பார்த்தார்.

“நான் போனா இத்தன பேர் வருவாங்களாடி?”

“வருவாங்கம்மா” என்றேன்.

“பொய் சொல்லாத” என்றவர், அழுதுகொண்டிருந்த பெண்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். எல்லாருக்கும் முன்னால், பெரியம்மாவின் தலைமாட்டில் இடம்பிடித்து உட்கார்ந்தார். தூக்கும்வரை அந்த இடத்தை அவர் யாருக்கும் விடவில்லை.

இப்போது தோட்டத்தில் இரண்டு கடையும் இல்லை. அம்மா என்னோடு ஈப்போவில் இருக்கிறார். என் மகள் ஃபோனில் என் நாத்தனாரோடு, என்னிடம் சொல்லாததையெல்லாம் சிரித்துப் பேசும்போது நான் கதவருகே நின்று கேட்பதுண்டு. அம்மா அதைப் பார்த்துவிட்டால் ஈரத்துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்குவார்.