பொன்னுரங்கம் துப்பாக்கியைக் கரையேற்றிய கதை

காசிமேட்டில் லாஞ்சு வைத்திருக்கிறவன் மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருக்க மாட்டான். லாஞ்சைக் கரையேற்றிப் பழுதானதை மாற்றுவான். பழுதாகாததையும் மாற்றுவான். இந்த வருஷம் பொன்னுரங்கம் லாஞ்சை முடித்த கையோடு தன் காற்றுக் கைத்துப்பாக்கியிலும் கை வைத்தார்.

முதுகு பிடித்துக்கொண்டு கடலுக்குப் போவதை விட்டவர் அவர். பொழுது போகாமல் திருவொற்றியூரில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்தார். சுமாராகத்தான் சுடுவார். ஆனால் மாவட்டப் போட்டியில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போகிறேன் என்று மீன் ஏலக்கூடத்தில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். அங்கே வாயை விட்டால் செய்து காட்டணும். இல்லையென்றால் ஆயுசுக்கும் ஓட்டுவார்கள்.

பயிற்சியாளர் அருள்நாதன் தெளிவாகத்தான் சொன்னார். "உள்ள ரப்பர் சீல் தேஞ்சு காத்து கசியுது. அதை மட்டும் மாத்துங்க. மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

"இன்னா சார், ஒரு ரப்பருக்கா பிரிச்சுப் போடுறது? பிரிச்சப்பறம் எல்லாத்தியும் பாத்துட வாணாமா?"

ரப்பரை மாற்றினார். வெளியில் தெரியாத சாமான், அதனால் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பேசினதெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு வாங்கிப் பூட்டிய வெளிநாட்டு மரக் கைப்பிடியைப் பற்றித்தான். குழல் ஆடக்கூடாதென்று வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை அதன் அடியில் வரிசையாகக் கட்டினார். லாஞ்சுக்கு இன்ஜின் பார்க்கிற என்னிடமே, "பாரம் இருந்தா படகே ஆடாது, இது ஆடுமா?" என்றார். உண்மையிலேயே ஆடவில்லை. அந்தப் பாரத்துக்கே கையைப் பழக்கிக்கொண்டார்.

போட்டி நாளன்று சோதனை மேஜையில் அதிகாரி துப்பாக்கியை எடை போட்டார். பிறகு, துப்பாக்கி இதற்குமேல் பெரிதாக இருக்கக்கூடாது என்று வைத்திருந்த ஒரு அளவுப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். "எடை கூடுதல், ஈயத்தைக் கழட்டணும் சார். கைப்பிடியும் பெட்டில அடங்கல. செதுக்கிட்டு வாங்க."

அரம் இல்லை, உளி இல்லை. பொன்னுரங்கம் முழித்தார். மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேராக வந்திருந்த அவர் சம்சாரம் கன்னியம்மா, "இப்டி குடு" என்று வாங்கி, செதில் சீவுகிற கத்தியால் சீவத் தொடங்கினாள்.

"அடியே, ஃபாரின் கட்டைடி அது!"

"ஃபாரின்னா இன்னா, முள்ளு கீதா?"

பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கியது. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு முத்திரை குத்தினார்.

பாரத்துக்குப் பழகின கை, ஈயம் போனதும் தானாக மேலே எழும்பியது. சுட்டதெல்லாம் கறுப்பு வட்டத்துக்கு மேலேயே போனது. பட்டியலில் பெயர் அடியில் கிடந்தது.

மறுநாள் அவர் ஏலக்கூடத்துக்கு வரவில்லை. கன்னியம்மா மட்டும் வந்தாள். எல்லோரும் அவரை ஓட்டக் காத்திருந்தார்கள். நான்தான் கேட்டேன்.

"இன்னாக்கா, மாமா மாநிலத்துக்குப் போறாரா?"

"எங்க போறது? எல்லாத்தியும் மாத்திக்கினாரு, கைதான் பாக்கி. எங்கனா கெடைச்சா சொல்லு நைனா" என்று சொல்லிவிட்டு அவள் நண்டு ஏலத்துக்கு நகர்ந்தாள்.