ஜப்பானிலும் அடைக்கிற வேலை

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் இப்போதெல்லாம் ஜப்பான் வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் கூட்டங்கள் அடிக்கடி நடக்கின்றன. மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனரில் பனி மூடிய மலையும் செர்ரிப் பூவும் தவறாமல் இருக்கும். நான் அந்த நாட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். அதனால் என்னையும் மேடையில் ஒரு நாற்காலியில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துவார்கள். நான் பேசும் முறை வரும்போது மாணவர்கள் பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்ததில்லை. எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னதைப் பற்றித்தான் இருந்தது, இருக்கிறது.

அவர்களில் ஒருவரை ஆலோசகர் என்று அழைத்தார்கள். ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றிலிருந்து வருபவர். நல்ல குரல், நல்ல சட்டை. "தமிழ் தெரிஞ்சவனுக்கு ஜப்பான் மொழி பாதி தெரிஞ்ச மாதிரி. வினைச்சொல் கடைசியில வருது, அவ்வளவுதான் தம்பிகளா" என்பார். கூட்டம் கைதட்டும். சொன்னதில் உண்மை இருக்கிறது. வாக்கிய அமைப்பில் இரண்டு மொழிகளும் அருகருகே நிற்கக்கூடியவைதான். ஆனால் மிச்சமிருக்கும் பாதியில்தான் ஒரு மனிதன் அங்கே வாழவேண்டியிருக்கிறது. மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வதும், மேற்பார்வையாளர் காட்டும் தாளைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுவதும் அந்தப் பாதியில் இருக்கின்றன. முழுப் பொய் என்றால் யாராவது எழுந்து மறுத்திருப்பார்கள். பாதி உண்மையை மறுக்க மேடை நாகரிகம் இடம் தருவதில்லை.

ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் அவர் நேர்காணல் பயிற்சி நடத்தியபோது பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொருவரும் எழுந்து, மனப்பாடம் செய்த ஜப்பானிய வாக்கியங்களை ஒப்பித்தார்கள். என் பலம் பொறுமை. என் பலவீனம் அளவுக்கு மீறி உழைப்பது. என் பொழுதுபோக்கு சமையல். அடுத்தவரின் பலமும் பொறுமை, அதற்கடுத்தவரின் பலமும் பொறுமை. எனக்கு முன்னால் இருந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் மெல்லக் கேட்டான்.

"ஏலே, நீ எப்பலே சமைச்ச?"

"வெந்நி வைப்பேம்லா."

"எல்லாப் பயலுக்கும் பொறுமைதான் பலம்னா, பஸ்ஸுல சீட்டுக்கு அடிச்சிக்கிடுதது எவம்லே?"

ஆலோசகர் இரண்டு கட்டளைகளை வலியுறுத்தினார். முதலாவது, எதைக் கேட்டாலும் 'டைஜோபு' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கு நம்முடைய 'பரவாயில்லை' அளவுக்குப் பொருத்தமான சொல் வேறு மொழியில் கிடைப்பது அரிது. சரி என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான், வலிக்கிறது ஆனால் சொல்லமாட்டேன் என்பதற்கும் அதுவேதான். கரிசல் காட்டில் பருவம் தப்பிய ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லில் பயிற்சி கொடுக்க ஒருவர் ஊர்விட்டு ஊர் வர வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு இல்லாதது அதற்கு எதிரான சொல். அதை யாரும் கற்றுத்தரவில்லை.

இரண்டாவது கட்டளை, தலையைச் சாய்க்கக்கூடாது. நாம் ஆமாம் என்பதற்குத் தலையைத் தோள்பக்கம் லேசாகச் சாய்ப்போம். அங்கே தலையைச் சாய்த்தால் சந்தேகம் என்று பொருள். நீங்கள் சொல்வது எனக்கு ஒப்பவில்லை என்று பொருள். சாய்த்தவர்களை ஆலோசகர் எழுப்பி நிற்கவைத்தார். மரத்தில் செய்த பொம்மைகளைப்போலக் கழுத்தை மேலும் கீழும் ஆட்டப் பிள்ளைகள் பழகினார்கள். குறிப்பு சரியானதுதான். அதைக் கற்றுக்கொடுத்த நோக்கம்தான் சரியில்லை. சந்தேகம் எழுந்தால் எப்படிக் கேட்பது என்று சொல்லித்தராமல், சந்தேகம் இருப்பதுபோலத் தெரியாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் கூடத்தில்தான் அவளைக் கவனித்தேன். இயந்திரவியல் வகுப்பின் ஒரே பெண். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு மானாவாரியில் மிளகாயும் பருத்தியும். அம்மா வேன் ஏறிவந்து, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் ஆலையில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிறவர். கூட்டம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, அங்கன லேத் எல்லாம் கம்ப்யூட்டர்லதான் ஓடுமாமே. நமக்குத் தொட விடுவாவளா?"

"பழகியவர்களைத் தொடவிடாமல் என்ன செய்வார்கள்?" என்றேன்.

"எங்க லேப்ல ஒண்ணு இருக்கு. ஆனா இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்தாத்தான் அத ஓட்டுவாவ. மத்த நாளெல்லாம் துணி போத்திக் கெடக்கும்."

சொல்லும்போது அவள் விரல்கள், இல்லாத ஒரு கைப்பிடியை மெல்லத் திருகின. ஒரு வேலையை விரும்புகிறவர்களை அப்படித்தான் அடையாளம் காணமுடியும். உற்பத்தித் துறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஆலோசகர் சொன்னதை நம்பிப் பெயர் கொடுத்திருந்தாள். உற்பத்தி என்ற சொல்லுக்குள் அவள் இரும்பைத்தான் பார்த்தாள்.

நேர்காணல் நாளன்று ஆள் அனுப்பும் நிறுவனத்தின் வழக்கமான மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். போனேன். பெற்றோர் சிலரும் வந்து வராந்தாவில் காத்திருந்தார்கள். அவளுடைய அப்பாவும் இருந்தார், வெள்ளைச் சட்டையில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு. உள்ளே பெரிய திரையில் நரைத்த தலையுடைய ஒரு ஜப்பானியர், வேலை தரும் நிறுவனத்தின் ஆள் சேர்ப்புப் பொறுப்பாளர். எனக்கு அடுத்த நாற்காலியில் ஆலோசகர். தொடங்கும் முன் அவர் தாழ்ந்த குரலில், "மேடம், பசங்க தப்பா ஏதாவது சொன்னா நீங்க கொஞ்சம் அழகாச் சொல்லிடுங்க" என்றார். மொழிபெயர்ப்பு என்பது அழகுபடுத்துவதல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதல் மாணவன் உள்ளே வந்துவிட்டான்.

பொறுமை, உழைப்பு, சமையல். ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். திரையில் இருந்தவர் களைத்துப்போனது தெரிந்தது. அவள் முறை வந்தது. ஒப்பித்தாள். நின்றுகொண்டே நெடுநேரம் வேலை செய்ய வேண்டியிருக்கும், குளிரான அறை, இரவு முறையும் உண்டு, பரவாயில்லையா என்று அவர் கேட்டார். "டைஜோபு" என்றாள் அவள். கூடவே, பழைய பழக்கத்தில் கழுத்து பயிற்சியை மீறிவிட்டது. தலை தோள்பக்கம் சாய்ந்தது.

நம் ஊர்க் கணக்கில் அது முழுமனதான சம்மதம். அவருக்கோ அது ஐயமாகத் தெரிந்தது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "ஏதோ உறுத்துகிறது போலிருக்கிறது. தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்" என்றார்.

ஆலோசகர் என் பக்கம் குனிந்தார். "அது நம்ம ஊரு தலையாட்டல்னு சொல்லிடுங்க மேடம். சந்தேகம் ஒண்ணும் இல்லைன்னு முடிச்சிருங்க."

எனக்குப் பொறுமை உண்டு என்று என்னை அறிந்தவர்கள் சொல்வார்கள். அந்த நொடியில் அது என்னிடம் இல்லை. நான் அவளிடம் திரும்பி, திரையில் இருந்தவர் கேட்டதை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னேன்.

அவள் ஆலோசகரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "என்னைய எந்த மெஷின்ல போடுவாவன்னு கேளுங்கக்கா. லேத்தா, மில்லிங்கா?"

மொழிபெயர்த்தேன். இப்போது தலையைச் சாய்த்தவர் அவர். இயந்திரமா என்று திருப்பிக் கேட்டார். தங்களுடையது மதிய உணவுப் பெட்டி தயாரிக்கும் ஆலை என்றார். நகரும் பட்டையில் பெட்டிகள் வரும். ஒருவர் சோறு அடைப்பார், அடுத்தவர் முட்டைத் துண்டு வைப்பார், அதற்கடுத்தவர் ஊறுகாய். இந்தப் பிள்ளைகள் உணவுத் துறையைத் தாங்களே விரும்பித் தேர்ந்தெடுத்ததாகத் தனக்குச் சொல்லப்பட்டது என்றார்.

"உணவும் உற்பத்திதானே மேடம்" என்றார் ஆலோசகர், நான் கேட்காமலே.

திரையில் இருந்தவர் சொன்ன அனைத்தையும் நான் அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். குரல் உயரவில்லை.

"அடைக்கிற வேலையத்தான் எங்க அம்மா இங்கன செய்யுதாவ. அதுக்கு எதுக்கு நான் மெக்கானிக்கல் படிச்சேன்? அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்? எனக்கு வேண்டாம்னு சொல்லுங்க."

ஜப்பானிய மொழியில் பெட்டிக்குள் சோற்றை அடைப்பதற்கு அவர் பயன்படுத்திய வினைச்சொல்லையே தீக்குச்சி அடைப்பதற்கும் பயன்படுத்தினேன். அது பொருந்தியது. வேண்டாம் என்பதைப் பூசி மெழுகாமல் அப்படியே சொன்னேன். அவள் கேட்டது நியாயமானது என்றார் அவர். இந்த வகை விசாவில் துறை முதலிலேயே முடிவாகிவிடுகிறது. உணவுத் துறையில் வந்தவர் இயந்திர வேலைக்கு மாற வேண்டுமானால் அதற்குரிய திறன் தேர்வை எழுதியாக வேண்டும். இரும்பு வேலைதான் விருப்பம் என்றால் தொடக்கத்திலேயே அந்தத் தேர்வை எழுதி அந்தத் துறை நிறுவனங்களைத் தேடுவது நல்லது என்றார். தன் நிறுவனத்துக்கு வராதே என்று ஒருவர் இவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அத்தனை கூட்டங்களிலும் மேடையில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே அறிவுரை அது. எந்தத் துறை, எந்தத் தேர்வு, போன பின் மாற முடியுமா, மாற முடியாதா. ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடியது. பனிமலைக்கும் செர்ரிப் பூவுக்கும் நேரம் இருந்தது, அதற்கு இல்லை. தெரியாமல் விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். ஆலோசகருக்குத் தெரியும். தெரிந்துதான் கழுத்தை நிமிர்த்திப் பழக்கினார்.

உணவு ஆலை வேலையை நான் இழிவாக நினைக்கவில்லை. தெரிந்தே ஒப்புக்கொண்டு போன பிள்ளைகள் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். என்ன வேலை என்று தெரியாமல் பரவாயில்லை சொல்ல வைக்கப்பட்டவர்களுக்காகத்தான் என் கோபம்.

வராந்தாவில் வேலைவாய்ப்பு அலுவலர் என்னை மறித்தார். "மேடம், நீங்க மொழிபெயர்க்க வந்தீங்களா, கெடுக்க வந்தீங்களா?"

"அவர் கேட்டதை அவளுக்குச் சொன்னேன். அவள் சொன்னதை அவருக்குச் சொன்னேன். இதில் எதை விட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள்?" என்றேன். அவர் உள்ளே போனார். அதன்பின் அந்தக் கல்லூரி என்னை அழைத்ததில்லை.

அவளுடைய அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் சொல்லியிருந்தாள் போலும். முகம் இறுகியிருந்தது.

"அங்கன அடைச்சா என்ன, இங்கன அடைச்சா என்ன தாயி. சம்பளம் கூடுதா இல்லையா?" என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, பெரிய ஆளுக மத்தியில வேண்டாங்கியே, நாளைக்கு எவன் ஒன்னையக் கூப்புடுவான்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வானத்தைப் பார்த்து விதைக்கிறவருக்கு மாதம் தவறாத சம்பளம் என்பது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அவர் நம்பிக்கையை வைத்துத்தான் ஆள் அனுப்பும் நிறுவனம் பேருந்து பேருந்தாக ஆள் சேர்க்கிறது என்பதும் தெரியும். அந்தத் தேர்வைப் பற்றி அவரிடம் விளக்க முயன்றேன். "நீங்க படிச்சவிய, சொல்லுவீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளுக்காக நிற்காமல் நடந்தார். அவள் பின்னால் ஓடினாள்.

பிறகு ஒரு வேலை தேடிக்கொண்டாள். தீப்பெட்டி இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கடையும் பட்டறை, ஊருக்குள்ளேயே. பெண்பிள்ளைக்கு லேத்தா என்று தயங்கிய முதலாளி, ஒரு தண்டை அளவு பிசகாமல் கடைந்து காட்டியதும் சேர்த்துக்கொண்டார். மாலைகளில் ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்கிறாள். முதல் முறை எழுதினாள். கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் தவறினாள். மறுபடி எழுதப்போகிறாள். இயந்திரத் துறைக்கான திறன் தேர்வு அதற்குப் பிறகு. வெற்றி பெறுவாளா என்று எனக்குத் தெரியாது. பெறுவாள் என்று இங்கே எழுதினால் நானும் ஆலோசகரைப்போல மேடையில் பேசியவளாவேன்.

சென்ற வாரம் ஒரு குறுஞ்செய்தியை எனக்கு அனுப்பியிருந்தாள். ஆலோசகர் அவளுக்கு எழுதியது. அதே உணவு ஆலையில் சில இடங்கள் மீதமிருக்கின்றன, பழையதை மறந்துவிடலாம், உடனே சம்மதம் சொன்னால் பெயர் சேர்த்துவிடலாம் என்று. என்ன செய்வது என்று கேட்கிறாள் என நினைத்து, பதிலை யோசித்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். முடிக்கும் முன் அடுத்த செய்தி வந்தது.

"வேண்டாம்னு எழுதிட்டேன்க்கா. எந்தத் துறைன்னு மத்த பிள்ளையளுக்கும் சொல்லச் சொல்லி எழுதியிருக்கேன். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். ஏசுதாவ."