கோர்ட் கலையும்வரை

உலகத்தில் எத்தனை வகை நீதி உண்டு என்பதை நான் ஒரு கரண்டியிடமிருந்து கற்றுக்கொண்டேன். இரும்புக் கரண்டி. ஒரு முழத்துக்குக் கைப்பிடி. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் பன்னிரண்டு பேருக்குக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தது. என் கண்ணில் பட்டபோது அதன் கழுத்தில் அரக்கு முத்திரையோடு ஒரு சீட்டுத் தொங்கியது. சான்றுப் பொருள் ஒன்று. ஆபத்தான ஆயுதம்.

எழுபத்து நாலாம் வருடம். தூத்துக்குடியில் ஒரு கிரிமினல் வக்கீலுக்கு நான் குமாஸ்தா. நாற்பதைத் தாண்டியும் கால் ஓர் இடத்தில் நிற்காது. கோர்ட் வராந்தாவை என் செருப்பு அளந்த அளவு அதைக் கட்டிய கொத்தனார்கூட அளந்திருக்க மாட்டார்.

கரண்டிக்கு உரியவன் அந்தத் தோணியின் சமையல்காரன். முப்பது வயது இருக்கும். முந்தின வருடம், கடல் அடங்கி சீசன் திறக்கும் நேரம், கரையில் கட்டிக் கிடந்த தோணியில் பாறைமீன் குழம்பு வைத்திருக்கிறான். மீன் தலை யாருக்கு என்பதற்குத் தோணியில் எழுதாத சட்டம் உண்டு. பெரிய தலை, தோணியை நடத்தும் தண்டலுக்கு. அடுத்த தலை, சுக்கான் பிடிக்கும் சுக்கானிக்கு. அன்று சுக்கானியின் தட்டில் வால் விழுந்தது. சுக்கானி வாலைப் பற்றி ஒன்று சொன்னான். அதோடு நிறுத்தாமல் சமையல்காரனின் தாயாரைப் பற்றியும் ஒன்று சொன்னான். கரண்டி எழுந்தது. நெற்றியில் மூன்று தையல். காலையிலிருந்து ஒரு குற்றமும் அகப்படாமல் வாடி நின்ற கான்ஸ்டபிள் ஒருவர் அப்போது பார்த்துக் கரையில் நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிறே கோயிலில் வழக்கு முடிந்துவிட்டது. பூசைக்குப் பிறகு சாமியார் இருவரையும் கூப்பிட்டார். அடித்தவன் மன்னிப்புக் கேட்டான். அடிபட்டவன் தாயாரைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டான். முழந்தாளிட்டு ஆளுக்கொரு ஜெபமாலை. மொத்தம் அரை மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே வந்து ஒரு கிளாஸ் காபியை இரண்டாக்கிக் குடித்தார்கள். நானூறு வருடமாக அந்தக் கரையில் அப்படித்தான். ஆனால் அரசாங்கம் அப்படி லேசில் சமாதானம் ஆகிற ஆளா? அடி விழுந்தது சுக்கானியின் நெற்றியில்தான்; வலி அரசுத் தரப்புக்கு.

ஜாமீன் கிடைத்தது. ஒரே நிபந்தனை: வழக்கு முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது. கடலில் பிழைக்கிறவனுக்கு எவ்வளவு பொருத்தமான நிபந்தனை! அந்த சீசன் முழுக்க தோணி அவனில்லாமல் போய் வந்தது. அவன் கரையில் நின்று, தன் அடுப்பில் வேறு யாரோ வைத்த குழம்பின் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த சீசன் நெருங்கியபோது தண்டல் ஆள் விட்டுச் சொன்னார்: இந்தத் தடவையும் வரவில்லையென்றால் வேறு சமையல்காரன் நிரந்தரம்.

வழக்கோ நகர்வதாக இல்லை. ஒரு தடவை கான்ஸ்டபிள் வரவில்லை. ஒரு தடவை நீதிபதிக்கு மாற்றல். ஒரு தடவை கரண்டி வரவில்லை. ஸ்டேஷனில் எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லையாம். அடுத்த வாய்தாவுக்கு வந்தபோது ஆபத்தான ஆயுதத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தது. இடையில் சமாதான மனு ஒன்று போட்டோம். அந்த மனுவுக்கே நான்கு வாய்தா. சண்டை நடந்த நேரத்தைவிட சமாதானம் கிடப்பில் கிடந்த நேரம் எத்தனை மடங்கு என்று கணக்குப் போட நான் பயந்தேன். அந்த வருடம் நாட்டுக்குப் புதிய நடைமுறைச் சட்டம் வந்தது. சமையல்காரன் ஆவலோடு ஓடி வந்து கேட்டான். பழைய சட்டத்தில் பதிந்த வழக்கு என்பதால் பழைய சட்டப்படியே தாமதமாகும் என்று விளக்கினேன்.

எங்கள் வக்கீல் இதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. அவர் அலமாரியில் பல தேசத்துச் சட்டம் இருந்தது. கட்சிக்காரன் அழ ஆரம்பித்தால் புத்தகத்தை எடுத்து விளக்குவார். பிரெஞ்சுக்காரன் நாட்டில் நீதிபதியே துப்புத் துலக்குவாராம். இங்கிலாந்தில் இரண்டு தரப்பும் மோதும், நீதிபதி நடுவர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாராம். “நமக்கு வாய்ச்சது இங்கிலீஷ்காரன் முறை. உலகத்திலேயே உசத்தி” என்பார். எனக்குத் தெரிந்து எங்கள் கோர்ட்டில் இரண்டு தரப்பும் வாய்தா கேட்கும், நீதிபதி கொடுப்பார். மோதல் என்று பார்த்தால் வராந்தாவில் மாடு முட்டியதுதான்.

அலமாரி தேவையில்லாத ஆள் எங்கள் சமையல்காரன்தான். வாய்தா நாளில் அவனும் சுக்கானியும் சேர்ந்தே வருவார்கள். எதிரியும் சாட்சியும் ஒரே சைக்கிளில். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என்னிடம் ஊர் ஊரான நீதியை அளப்பார்கள்.

“கொழும்புல ரோட்டுக் கொழாயில குளிச்சேன்னு புடிச்சிட்டுப் போனான் அண்ணாச்சி. காலைல புடிச்சான், மத்தியானம் அவதாரம் கட்டிட்டு வெளிய வந்துட்டேன். தல ஈரங்கூடக் காயல.”

“அவதாரம் இல்லலே, அபராதம்” என்றான் சுக்கானி.

“ஏதோ ஒண்ணு. பெரிய கேசுன்னா அங்கன ஏழு பேர வரிசையா உக்கார வச்சிருக்கான் அண்ணாச்சி. கடக்காரன், கிளார்க்கு, அந்த மாதிரி ஆளுவ. கேட்டுட்டு உள்ள போயி, பேசிட்டு வந்து, உண்டு இல்லன்னு சொல்லுதாவ. நம்ம ஊருல அது கெடையாதா?”

இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்றேன். சாதாரண ஜனங்களை இந்த விஷயத்தில் நம்ப முடியாது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்க நம்பலாம். கரண்டியால் அடித்தானா இல்லையா என்று தீர்மானிக்க நம்ப முடியாது.

“மாலத்தீவுதான் அண்ணாச்சி சரி” என்றான் சமையல்காரன். “தப்புப் பண்ணுனா வேற தீவுல கொண்டு விட்டுருவாவ. ஒரு வருசம், ரெண்டு வருசம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் போன எடத்துலயே கலியாணம் முடிச்சி தென்ன மரம் பாத்துக்கிட்டு இருக்கான். நாளு முடிஞ்சி கூப்புடப் போனா வரமாட்டேங்கான். என்னய நம்ம முயல் தீவுல கொண்டு விடச் சொல்லுங்களேன்.”

“முயல் தீவுல இருந்து பாத்தா இந்த ஊரு தெரியும்லே. அது ரொம்பக் கடுமையான தண்டன” என்றான் சுக்கானி.

சமையல்காரன் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். “ஆமா, நீங்க நாசரேத்துப் பக்கத்து புராட்டஸ்டண்டுலா. உங்க கோயில்ல சாமியார்ட்ட போயி, செஞ்சதச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணுறது கெடையாதாமே? பெறவு எப்படி?”

“எல்லாரும் எந்திரிச்சி நின்னு ஒண்ணா சொல்லிருவோம், பாவம் செஞ்சோம்னு.”

“யாரு என்ன செஞ்சான்னு?”

“அது சொல்ல மாட்டோம்.”

“பாத்தியாலே” என்றான் சுக்கானியிடம். “அதாம்லே அவுக ஆளுவ எல்லாம் வக்கீலாவும் வாத்தியாராவும் ஆயிருதாவ.”



தோணி புறப்படும் நாளும் எங்கள் வாய்தாவும் ஒரே நாளில் வந்து விழுந்தன. சாயங்காலம் நாலு மணிக்குத் துறைமுகத்தில் ஆள் எண்ணுவார்கள். அந்த நேரத்தில் தோணியில் இல்லாதவன் அந்தப் பயணத்தில் இல்லை. வக்கீல் திட்டம் தெளிவாக இருந்தது. குற்றத்தை மறுக்க வேண்டும், சாட்சியான சுக்கானி தானே தடுக்கி விழுந்ததாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு மூன்றே மூன்று வாய்தாவில் விடுதலை. அந்த மூன்றுக்குள் சீசன் பாதி போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது இரண்டே சொல்: “இல்லை எசமான்.” முந்தின வாரம் முழுக்க வேப்பமரத்தடியில் அவனுக்குப் பாடம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னான். சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் கழுத்துச் சிலுவையைத் தொட்டுப் பார்த்தான்.

நீதிபதி ஊருக்குப் புதியவர். கடல் இல்லாத மாவட்டத்துக்காரர். பத்தே முக்காலுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். சமையல்காரன் கூண்டேறினான். “உன் மேல் சாட்டியிருக்கிற குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்டார் நீதிபதி.

சட்டென்று அவனைக் காணவில்லை. நீதிபதி நாற்காலியிலிருந்து எழும்பி எட்டிப் பார்த்தார். கூண்டுக்குள் முழந்தாளிட்டிருந்தான். நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டு, தலையைக் கவிழ்த்து, தான் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் பண்ணியது எந்தத் திருவிழாவுக்கு என்பதிலிருந்து ஆரம்பித்தான். கோயிலில் பாவம் சொல்லும் இடத்தைப் போலவே கம்பி போட்ட கூண்டு, எதிரே உயரத்தில் அங்கி போட்ட பெரியவர், அவர் உன் குற்றம் என்ன என்று கேட்கிறார். மூன்று வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறவனின் முட்டி தானே மடங்கிவிட்டது.

கரண்டியால் அடித்ததைச் சொன்னான். வாலை வேண்டுமென்றே போட்டதைச் சொன்னான். அது சார்ஜ் ஷீட்டிலேயே இல்லை. கொழும்பிலிருந்து சோற்றுப் பானைக்குள் மூன்று சோப்பு ஒளித்துக் கொண்டுவந்ததைச் சொன்னான். ஒரு குடோன் வாசலில் கிடந்த கப்பியை எடுத்து வீட்டுக் கிணற்றில் மாட்டியதைச் சொன்னான். அரசுத் தரப்பு வக்கீல் தூக்கத்திலிருந்து விழித்துப் பேனாவைத் தேடினார். நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். தாமதமாகிவிட்டது.

“அந்தா போறாவளே, அந்த அண்ணாச்சி இல்லன்னு சொல்லச் சொன்னாவ. நானும் சரின்னு சொன்னேன். அதுவும் பாவந்தான் எசமான்.”

நீதிபதி கேஸ் கட்டு ஒன்றை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு டைப்பிஸ்டைப் பார்த்து, “முதல் வாக்கியம் மட்டும் டைப் செய்யுங்கள்” என்றார். உலகத்துச் சட்டப் புத்தகங்களில் இதற்கு எந்தப் பிரிவு என்று நான் தேடவில்லை. சில நல்ல காரியங்களுக்குப் பிரிவு எண் இல்லாமலிருப்பதே நல்லது.

தீர்ப்பு அங்கேயே. கோர்ட் கலையும்வரை சிறை. பெஞ்ச் கிளார்க் அதை அவனுக்கு விளங்கும்படி சொன்னார்: “சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அந்தப் பெஞ்சுல இரு. பெறவு போகலாம்.”

ஒரு வருடம் நகராத தேர் கால்மணி நேரத்தில் நிலைக்கு வந்துவிட்டது. வக்கீல் மூன்று வாய்தாவை இழந்த துக்கத்தில் வெளியே போய்விட்டார். எனக்கோ வேறு துக்கம். நாலு மணிக்கு ஆள் எண்ணுகிறார்கள், இவனுக்கு அஞ்சு மணிக்கு விடுதலை. ஒரே ஒரு மணி நேரத்தில் அடுப்பு கைவிட்டுப் போகப் போகிறது.

அப்போதுதான் செய்தி வந்தது. ஊரின் மூத்த வக்கீல் ஒருவர் அன்று காலை காலமாகிவிட்டார். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். நீதிபதி அன்றைய அலுவலை முடித்துவிட்டு இறங்கிப் போனார். மணி பதினொன்றே முக்கால். கோர்ட் கலைந்துவிட்டது. சாவு வீட்டை நினைத்துத் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன், துண்டுக்குள் சிரித்தேன்.

“ஏலே, எந்திரி. தண்டன முடிஞ்சிட்டு. ஓடு.”

அவன் அசையவில்லை. “அஞ்சு மணின்னாவ அண்ணாச்சி.”

“அது கிளார்க்கு சொன்னதுலே. தீர்ப்பு கோர்ட் கலையும்வரைக்கும். கலைஞ்சாச்சு.”

“யாரோ ஒருத்தர் செத்ததுக்கு என் தண்டன எப்படிக் கொறையும்? பத்து மந்திரம் சொல்லுன்னு சாமியார் சொல்லிருக்கும்போது, கோயில் மணி அடிச்சிட்டுன்னு நாலுல எந்திரிக்க முடியுமா?”

டவாலி சாவிக்கொத்தோடு வந்து நின்றார். “பூட்டணும்வே. உம்ம ஆள வெளிய கூட்டிட்டுப் போரும்.” வக்கீல் திரும்பி வந்தார். இனிமேல் இங்கே உட்கார்ந்திருந்தால் அது அத்துமீறல், அதற்கு வேறு வழக்கு வரும் என்று பயமுறுத்தினார்.

“அதயும் ஒத்துக்கிடுதேன் சார்” என்றான்.

நாட்டில் எத்தனையோ பேர் தண்டனையிலிருந்து தப்பப் பாடுபடுவதைப் பார்த்திருக்கிறேன். விடுதலையிலிருந்து தப்பப் பாடுபட்டவன் இவன் ஒருவன்தான். வராந்தாவில் நடந்தேன். கிழக்கே துறைமுகத்துப் பாய்மரங்கள் கூரைகளுக்கு மேலே நூலாகத் தெரிந்தன. காற்றில் உப்பு. சுக்கானி சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்டலிடம் பறந்தான்.

இரண்டு மணி சுமாருக்கு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான். தண்டல் யாருக்காகவும் காத்திராதவர் என்று ஊரே சொல்லும். நான் மோசமான பதிலுக்குத் தயாராக நின்றேன்.

“ஆள் எண்ணுற ஆபீசர்ட்ட தண்டல் பேசிக்கிடுதாராம். கடைசித் தோணியா எண்ணச் சொல்லுதாராம்” என்றான் சுக்கானி. “‘முடிச்சிட்டே வரச் சொல்லு, பாதித் தண்டனையோட ஏறுறவன் பொங்குன சோத்த எவன் திங்க?’ன்னு கேக்காரு.”

சொல்லிவிட்டு அவனும் போய் அந்தப் பெஞ்சில், அடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்தான். டவாலி இருவரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வாசற்படியில் சாய்ந்துவிட்டார். காலி நாற்காலி, காலி மேசை, ஓடாத மின்விசிறி. நீதிமன்றம் என்று ஒன்றை முழு மரியாதையோடு நான் பார்த்தது அந்த மூன்று மணி நேரம்தான். உள்ளே சட்டம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அஞ்சு மணிக்கு மில் சங்கு ஊதியது. எழுந்தான். காலி நாற்காலிக்குக் கும்பிடு போட்டான். “கரண்டி?” என்று கேட்டான்.

மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை தர மாட்டார்கள் என்றேன். கரண்டிக்கு மட்டும் இன்னும் சிறை. இருவரும் ஒரே சைக்கிளில் ஏறினார்கள். வழியில் பாத்திரக் கடையில் இறங்கிப் புதுக் கரண்டி வாங்கினார்களாம். சுக்கானி அதன் கனத்தைக் கையில் பார்த்து, லேசானதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தானாம்.

வெயில் சாயும்போது தோணி பாய் விரித்தது. நடுவில் அடுப்புப் புகை எழும்பி, காற்று பட்டுக் கொழும்புப் பக்கமாக வளைந்தது. அன்றைக்கு மீன் தலை யார் தட்டில் விழுந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது. அது அந்தக் கடலின் சட்டம். அதில் எனக்கு அதிகாரம் இல்லை.