காவடி தாங்கும் சுவர்

சுவரில் துளை போடுகிறவனை, மாட்டியது கீழே விழும்வரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. டிவி, கண்ணாடி, அலமாரி என்று கனமானதையெல்லாம் மாட்டிக் கொடுப்பது திருத்தணியில் என் பிழைப்பு. செங்கல் சுவர் என்றால் கவலையே இல்லை. இப்போதோ எங்கு பார்த்தாலும் ஜிப்சம் பலகைத் தடுப்பு. முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை, நடுவில் அங்கங்கே தகரச் சட்டம், மிச்சமெல்லாம் காற்று. அந்தக் காற்றை நம்பிக் குடியிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

அறுக்கக் கூடாது

கே.ஜி.கண்டிகையிலிருந்து தனலட்சுமி என்ற பெண் கூப்பிட்டிருந்தாள். அவள் அப்பா முனிரத்தினத்துக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துவிட்டது. கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு கைப்பிடி இருந்தால் தானே எழுந்துவிடுவார், நாலடியில் பாத்ரூம், கோலை ஊன்றிப் போய்விடுவார். போய்ச் சுவரைத் தட்டினேன். டொக் டொக்கென்றது. ஜிப்சம்!

எழும்போது முழு உடம்பும் அந்தக் கம்பியில்தான் தொங்கும். கழன்றால் மனிதர் தரையில். "பலகையை அறுத்து, உள்ளே பிளைவுட் வைத்துச் சட்டத்தோடு முடுக்கினால்தான் நிற்கும். இல்லாவிட்டால் நான் மாட்ட மாட்டேன்" என்று கறாராகச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன், அறுக்கவே கூடாதுன்றாரு மாடியில கீற வூட்டு ஓனரு. நைனா என் கையப் புடிச்சிகினு பாத்ரூம் போக வெக்கப்பட்டு, தண்ணியே குடிக்காம கீறாருங்க."

லாட்ஜ்காரர் கணக்கு

அந்த வாரமே மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜில் வேலை. புத்தம் புதுத் தடுப்புச் சுவர், சின்ன டிவி. "சட்டத்தில் நாலு திருகு போதுங்க" என்றேன். முதலாளி கேட்கவில்லை. "அறு, உள்ளே பிளைவுட் வை" என்று பிடிவாதம் பிடித்தார். புதுச் சுவரை அறுக்கச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்ற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

காரணம் கேட்டேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு அறைக்குள் இரண்டு குடும்பம் இருக்கும். கொடிக்கயிறும் ஈரவேட்டியும் பையும் காவடியும் டிவி ஸ்டாண்டில்தான் தொங்கும். "நாம வேணாம்னா கேப்பாங்களா?" என்றவர், தோளில் தட்டிச் சொன்னார்:

"டிவிக்காக மாட்டாதப்பா, காவடிக்காக மாட்டு."

முருகன் நின்ற இடம்

அடுத்து கனகம்மாசத்திரத்தில் டிபன் கடை அக்காவின் பாத்திர அலமாரி. உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்று நான் காதை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்த முருகன் படத்தை எடுத்து வந்தார். பின்னால், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். சுவரில் மெல்லத் தேய்த்தபடி போனார். சட்டத்தில் முடுக்கிய திருகு வந்ததும் படம் டக்கென்று நின்றது. கெட்டிக்காரி! வாய்விட்டே சொல்லிவிட்டேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"முருகன் எங்க நிக்கிறாரோ அங்க ஓட்டை போடு. மத்த எடமெல்லாம் வெறும் காத்து."

ஒரு தபா பிடித்துப் பாருங்கள்

தண்ணீர் குடிக்காத மனிதர் மனதை விட்டுப் போகவே இல்லை. மறுபடி கண்டிகைக்குப் போய் லாட்ஜ்காரர் சொன்னதைத் தனலட்சுமியிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அறுக்காமயே ஒரு தபா மாட்டுங்க. நைனா தொட வேணாம்" என்றாள். வெறும் பலகையில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் சொருகி மாட்டினேன். நேரே போய் மாடி வீட்டுக்காரரை அழைத்து வந்தாள். அவர் நல்ல கனத்த சரீரம்.

"நைனாவுக்கு முன்னால நீங்க ஒரு தபா புடிச்சி எழுந்து பாருங்க சார்" என்றாள். சண்டையில்லை, சத்தமில்லை. அவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்து எழுந்தார். கம்பியும் கையளவு சுவரும் அவரோடு சேர்ந்து வந்தன. அவர் திரும்பக் கட்டிலிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வெள்ளைத் தூள். எதிரே நாற்காலியில் முனிரத்தினம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கையிலிருந்த கம்பியை என்னிடம் நீட்டினார்.

"அறுப்பா. பெயிண்ட் நான் அடிச்சிக்கிறேன்."

ஒரு சொம்பு

அக்கா வழியில் காந்தம் வைத்துச் சட்டத்தைக் கண்டுபிடித்தேன். அறுத்தேன். கனமான பிளைவுட்டை இரண்டு சட்டத்தோடும் சேர்த்து முடுக்கி, பலகையை மூடி, அதன்மேல் கைப்பிடியை இறுக்கினேன். முதலில் தனலட்சுமி தொங்கினாள், இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு. சுவர் முனகக்கூட இல்லை.

பிறகு முனிரத்தினம் வலது கையால் கம்பியைப் பற்றினார். முதல் தரம் பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டார். கையை நீட்டப் போன தனலட்சுமி, அதைத் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. இரண்டாம் தரம் முழுசாக நின்றார். கம்பியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. பாத்ரூம் கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"தனம், ஒரு சொம்பு தண்ணி கொண்டாம்மா. ரொம்பவே கொண்டா."

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். எங்கள் பிழைப்பிலோ அந்தச் சுவரை முதலில் அறுத்தால்தான் எதுவும் நிற்கிறது, மனிதர் உட்பட.